மாதா தலையசைத்த வீடு

இஞ்சாருங்கோ,

உங்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்கு உங்கள் பெயர் இதுதான். குசினியில் சமைத்துக்கொண்டு நின்று கூப்பிடுவேன். நீங்கள் ஏணியில் நின்றபடி, வாயில் ஆணியோடு, "ம்" என்பீர்கள். இப்போதும் கூப்பிட்டுவிட்டுத்தான் எனக்கு எழுத வருகிறது.

நீங்கள் போய் மூன்றாம் மாதம் உங்கள் அக்கா ஹரோவிலிருந்து போன் எடுத்தா. வீட்டு நடுவில் நீங்கள் போட்ட குறுக்கு மரத்தைக் கழற்றவேண்டுமாம். சனிக்கிழமை தன் மனுஷனையும் கூட்டிக்கொண்டு, ஸ்பனர் சாமான் பெட்டியோடு வருவாவாம். அந்த மரம்தான் உங்களைக் கொண்டுபோனதாம். "இனி உனக்கு இருக்கிறது மகன் ஒருத்தன்தான்" என்றா. போனை வைத்துவிட்டா.

அந்த மரத்தைக் கழற்றினால் வீடு சரியும். கழற்றாவிட்டால் மகனுக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஊர் விட்டு ஊர் ஓடியதில் படிப்பு அங்கேயே விட்டுப்போனது. இப்படியான விஷயங்களில் நான் கேட்கிற ஆள் நீங்கள்தான். உங்களைக் கேட்க முடியாத இடத்தில் நிற்கிறேன்.

உங்களுக்கு நடந்ததெல்லாம் தெரியும். இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்குத் தெரியாது. ஆகவே இனி அவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். அவர்களிடம் சொல்கிறபோது நீங்கள் எனக்கு 'இவர்'.

எண்பதுகளின் கடைசியில் நான் மன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லண்டனுக்கு வந்து இறங்கியபோது, இவர் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்திருந்தார். அறை என்று சொன்னாலும் அது பாதி அறைதான். வீட்டுக்காரர் ஒரு பெரிய அறையை மெல்லிய பலகையால் மறித்து இரண்டாக்கி இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பலகை யன்னலின் நடுவில் போய் முட்டியது. இடது பக்கக் கண்ணாடி எங்களுக்கு, வலது பக்கக் கண்ணாடி அடுத்த ஆளுக்கு. அந்த ஆள் இருமினால் எங்கள் கட்டில் ஆடும். நாங்கள் சண்டை பிடித்தால் அவர் றேடியோவைக் கூட்டி வைப்பார். சமாதானமாகிவிட்டோம் என்று தெரிந்தால் குறைத்துவிடுவார்.

"எனக்கெண்டு ஒரு வீடு வந்தால் உள்ளுக்கு ஒரு சுவரும் வைக்கமாட்டன்" என்று இவர் சொல்லுவார்.

"அப்ப எங்கை நிண்டு உடுப்பு மாத்துறது?"

"நான் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறன். நீர் மாத்தும்."

இவருக்கு ஆர்ச்வேயில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. கூட வேலை செய்த ஜமேக்காக்காரர் ஒருவர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். தென்கிழக்கு லண்டனில் ஒரு சரிவு நிலம் இருந்தது. வழமையான கல்வீடு கட்ட ஏலாது என்று கவுன்சில் அதைச் சும்மா விட்டுவைத்திருந்தது. வீடில்லாத குடும்பங்கள் சிலதைச் சேர்த்து, அவர்களின் கையாலேயே அதில் மரச்சட்ட வீடுகள் கட்டவைக்கப் போகிறார்களாம். மரம் வரும், வரைபடம் வரும், சொல்லித்தர ஆள் வரும். தச்சுவேலை தெரிந்திருக்கத் தேவையில்லை, ஸ்பனர் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றார்களாம்.

"மரத்தாலையோ?" என்று கேட்டேன்.

"ஓம். தூண், மேலே போடுற வளை, பலகை. எல்லாம் மரம்."

"எங்கட ஊரிலை ஆட்டுக்கொட்டில்தான் மரத்தாலை கட்டுறது."

"அப்ப ஆடாய் இருந்திட்டுப் போவம். வீட்டுக்காரன் இல்லாத ஆடு."

அந்த வீடு எழும்ப இரண்டு கோடை போனது. என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு காலம் இனி வராது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு ரயில் ஏறுவோம். சரிவு முழுக்க முட்புதர். ஜமேக்காக் குடும்பம், ஐரிஷ் குடும்பம், வியட்நாம் குடும்பம், பிள்ளைகளோடு தனியாக இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், நாங்கள். இவர் வேலைநாளில் ஷிப்ட் முடிந்தாலும் இரண்டு மணித்தியாலம் போய் ஏதாவது செய்துவிட்டு வருவார். நான் வயிற்றில் மகனோடு போல்ட்டுகளைப் பிரித்துப் பிரித்து வாளிகளில் போட்டேன். அடுத்த கோடையில் மகனை மரத்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு நானே ஸ்பனர் பிடித்தேன்.

தூணையும் வளையையும் புல்லில் படுக்கப்போட்டு போல்ட் இறுக்குவோம். பிறகு எல்லாக் குடும்பமும் கயிறு பிடித்து, திருநாளில் தேர் இழுப்பதுபோல இழுத்து அந்தச் சட்டத்தை நிமிர்த்துவோம். எங்கள் சட்டம் நிமிர்ந்த நாளில் இவர் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் ஒரு தூணைத் தொட்டேன். முழுச் சட்டமும் மெல்ல ஆடியது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

வரைபடம் கீறிய பெண் எங்கள் வயதுதான். எப்போதும் சேறு பிடித்த சப்பாத்தோடு நிற்பா. நான் பயந்ததைப் பார்த்துவிட்டு ஏதோ நிறையச் சொன்னா. எனக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து இவர் ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்தார். குச்சி இருக்கிற உள்தட்டை உருவி எறிந்துவிட்டு, வெறும் கூட்டை மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

"மேலாலை அமத்தும்" என்றார். அமத்தினேன். தாங்கியது.

"இப்ப பக்கத்தாலை தள்ளும்."

விரல் பட்டதுதான். கூடு சரிந்து மட்டையாகப் படுத்துவிட்டது.

"பாரம் மேலாலை வந்தால் தூண் தாங்கும். பக்கத்தாலை காத்துத் தள்ளினால் தூணாலை மட்டும் ஏலாது. ஏதாவது உள்ளுக்கு மூலைக்கு மூலை இறுக்கிப் பிடிக்கோணும். எங்கட வீட்டிலை மூண்டு சுவர் அந்த வேலையைச் செய்யுதாம். மற்றச் சுவரையெல்லாம் விருப்பமெண்டால் வைக்கலாம், விருப்பமில்லையெண்டால் விடலாம்."

இவர் மற்றச் சுவர் எதையும் வைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கீழ்மாடி முழுக்க ஒரே மண்டபம். இரண்டு பக்கச் சுவர், முன்னும் பின்னும் கதவும் கண்ணாடியும், வீட்டு நடுவில் பிளைவுட் அடித்த ஒரு சுவர், அவ்வளவுதான். அந்த நடுச்சுவருக்கு முன்னால் இருந்து கதைக்கிற இடம், பின்னால் குசினியும் தோட்டத்துக் கதவும். இரண்டு ஓரத்தாலும் சுற்றிப் போகலாம். குடிபோன முதல் நாள் மகன் தவழ்ந்து தவழ்ந்து அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பின்னால் இவரும் தவழ்ந்தார்.

வீடு மந்திரிக்க, செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்க, ஃபாதர் வந்தபோது மச்சாளும் வந்தா. மச்சாள் என்றால் இவருடைய ஒரே அக்கா. இவரைவிடப் பத்து வயது மூத்தவ. தாய் வெள்ளென, இவர் சின்னப்பிள்ளையாக இருக்கச் செத்துப்போக, தம்பியைத் தூக்கி வளர்த்தவ. லண்டனின் வடமேற்கில், ஹரோவில் நல்ல கல்வீடு. எங்கள் முன்கதவைத் திறந்து உள்ளே ஒரு கால் வைத்தவ, அப்படியே நின்றுவிட்டா.

"என்னடா இது. வாசல்லை நிண்டால் சுவர் முகத்திலை அடிக்குது."

"அது பிடிச்சுக்கொண்டு நிக்கிற சுவர் அக்கா."

"எங்கட வீட்டிலை முன்வாசல்லை நிண்டால் பின்வாசல் தெரியும். எங்கட ஐயா அதுக்காகவே கிணத்தைத் தள்ளிக் கட்டினவர். வாசலுக்கு வாசல் நேராய் இருக்கோணும்."

எங்கள் பக்கத்தில் எங்களைப்போல வேதக்காரராக இருந்தாலும் சைவக்காரராக இருந்தாலும் வீட்டு வாசலில் இப்படி ஒரு கணக்குப் பார்ப்பார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் என்பார்கள். இவர் சிரித்துவிட்டு விட்டார். ஆனால் அதற்குப் பிறகு வேலையால் வந்து கதவைத் திறக்கிறபோதெல்லாம் ஒரு கணம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதை நான் கண்டேன்.

ஒக்டோபர் மாதம் எங்கள் ஆட்கள் மாதாவின் சிலையை, சுரூபத்தை, வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஒரு வீட்டில் ஒரு கிழமை, ஏழு நாள். வருகிற அன்று எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லி, சாப்பிட்டு, விட்டுவிட்டுப் போவார்கள். வால்தம்ஸ்டோ அறையில் இருந்த காலத்தில் மாதாவை எங்கே வைப்பது, சனத்தை எங்கே இருத்துவது. ஒவ்வொரு வருஷமும் மற்றவர்கள் வீட்டுக் கம்பளத்தில் முழங்காலில் நின்றுவிட்டு வருவோம். புது வீட்டில் இரண்டாம் வருஷம் எங்களுக்கு முறை வந்தது. நான் சந்தோஷத்தில் அழுதேன்.

"மாதாவைப் பின்பக்கம் வைச்சால் முன்னுக்கு இருக்கிற சனம் சுவரைப் பாத்துத்தான் கும்பிடோணும்" என்று இவர் சொன்னார்.

"முன்னுக்கு வைப்பம்."

"அப்ப பின்னுக்கு இருக்கிற சனம்?"

அடுத்த சனிக்கிழமை நான் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தேன். என் நேருக்குப் பின்தோட்டத்தில் நான் காயப்போட்ட உடுப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. நடுச்சுவரை இவர் வெட்டி எடுத்துவிட்டார். தலையெல்லாம் மரத்தூள். வெயில் பின்கதவால் வந்து முன்கதவு வரைக்கும் விழுந்திருந்தது. அவ்வளவு வடிவாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த வெளிச்சம் எனக்கு முன்னால் நிற்கும்.

"அது பிடிச்சுக்கொண்டு நிக்கிற சுவரெல்லோ?"

"மூண்டிலை ஒண்டுதானே. மற்ற ரெண்டும் பிடிக்கும். வீடும் இப்ப இறுகிட்டுது."

இரண்டு பக்கச் சுவரும் ஒரே திசையில்தான் நின்றன. குறுக்காக நின்றது நடுச்சுவர் ஒன்றுதான். அது இவருக்கு அப்போது யோசனையில் வரவில்லை.

வோஷிங் மெஷின் கடைசியாகச் சுழன்று பிழிகிறபோது அலுமாரியில் கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கின. காற்று அடிக்கிற நாளில் முன்கதவு சாத்த வரவில்லை. மழையில் கதவு ஊதிவிட்டது என்று சொல்லி இவர் ஓரத்தைச் சீவினார். காற்று நின்றதும் சீவிய இடத்தால் குளிர் வந்தது.

மாதா வந்த அன்று வீடு நிறைந்துவிட்டது. ஹரோவிலிருந்தும் வால்தம்ஸ்டோவிலிருந்தும் எங்கெங்கிருந்தோவும் வந்தார்கள். படியில் சப்பாத்துக் குவியலுக்கு மேலால் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். இவர் மாதாவுக்கென்று உயரமான ஒடுக்கமான ஒரு பீடம் செய்து, பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வாசலில் கடைசியாக நின்றவருக்கும் மாதாவின் முகம் தெரிந்தது. இவர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

செபமாலை முடிந்து, பாட்டு முடிந்து, எல்லோரும் எழும்பி முன்னுக்கு நெருங்கினார்கள். அப்போது மாதா தலையசைத்தா.

நானும் கண்டேன். பொய் சொல்லமாட்டேன். ஒரு பக்கம் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்தா. பூமாலை ஆடியது.

"அம்மா. தலையாட்டுறா" என்று முன்னுக்கு நின்ற ஒரு அக்கா சொன்னா. அவ்வளவு சனமும் ஒரேயடியாக முழங்காலில் விழுந்தது. மாதா திரும்பவும் தலையசைத்தா. எழும்பினார்கள். அதற்கும் அசைத்தா. மச்சாள் பீடத்தைக் கட்டிப்பிடித்து அழுதா. "என்ரை தம்பி வாசலைத் திறந்து விட்டவன், அதுதான் வந்திருக்கிறா" என்று அழுதா. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் மாதாவைப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தமில்லை.

"எல்லாரும் தோட்டத்துக்கு வாங்கோ. சாப்பாடு வெளியிலை" என்று கூப்பிட்டார்.

"மழை தூறுதடா" என்றார் ஒருவர்.

"பரவாயில்லை. ஒவ்வொருத்தராய் வாங்கோ. அவசரப்பட வேண்டாம்."

"மாதா உள்ளுக்கு நிண்டு தலையாட்டுறா. நாங்கள் வெளியிலை நிண்டு ரோல்ஸ் திண்ணுறதோ?"

ஒருமாதிரி எல்லோரையும் வெளியே எடுத்துவிட்டார். சனம் குடையின் கீழ் நின்று சாப்பிட்டது. மச்சாள் மட்டும் வரவில்லை. இவர் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் விடிந்ததிலிருந்து போன். தெரியாத ஆட்கள் எல்லாம் எப்போது வரலாம் என்று கேட்டார்கள். ஒருவர் வேன் பிடித்துக்கொண்டு வரப்போவதாகச் சொன்னார். இவர் ஷிப்டுக்குப் போகாமல் ஃபாதரிடம் போனார்.

ஃபாதர் இளம் ஆள், மன்னார்க்காரர்தான். வந்து மாதாவுக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார். பிறகு ஒரு தூணில் தோளை வைத்துத் தள்ளினார். மாதா தலையசைத்தா. திரும்பவும் தள்ளினார்.

"ம். எனக்கும்தான் தலையாட்டுறா" என்றார். "வெட்டின சுவர் எங்கை?"

"விறகாய் அடுக்கி வைச்சிருக்கிறன் ஃபாதர்."

"ஆக்கள் கேட்டால் நான் சொல்லட்டோ, நீர் சொல்லுறீரோ?"

"நான் சொல்லுறன். என்ரை வீடு."

அந்த ஞாயிறு பூசை முடிவில் இவர் முன்னால் போய் நின்றார். நாலு பேர் முன்னால் கதைத்துப் பழக்கமில்லாத ஆள். "மாதா அசையேல்லை. என்ரை வீடுதான் அசைஞ்சது. வீட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட சுவரை நான் வெட்டிப்போட்டன். திருத்துமட்டும் ஒருத்தரும் வராதையுங்கோ" என்றார். பின்னுக்குச் சிலர் சிரித்தார்கள். சிலருக்குக் கோபம். ஒரு வயதான ஐயா கோயில் வாசலில் பிடித்துக் கேட்டார், "தம்பி, உன்ரை வீட்டை அசைச்சது ஆரெண்டு நினைக்கிறாய்?" என்று. மச்சாள் எங்களைத் தாண்டிப் போய்க் காரில் ஏறிவிட்டா.

வரைபடப் பெண் வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை ஏசவில்லை. மேல்மாடிக்கு ஒருவரையும் போகவேண்டாம் என்று சொன்னா. பிளைவுட் அடித்துத் திரும்ப மூடலாம், அல்லது மூலைக்கு மூலை இரண்டு தடித்த மரத்தைக் குறுக்காகப் போட்டு போல்ட் இறுக்கலாம் என்றா. குறுக்கு மரம் என்றால் அதற்குள்ளால் பார்க்கலாம், நடக்கத்தான் ஏலாது. இவர் என்னைப் பார்த்தார். "பாக்க ஏலுமெண்டால் போதும்" என்றேன். ஐரிஷ்காரர், ஜமேக்காக்காரர் எல்லாம் வந்து பிடிக்க, ஒரு நாளில் இரண்டு மரமும் ஏறின. பின்னேரம் இவர் தூணில் தோளை வைத்துத் தன் முழுப் பலத்தோடும் தள்ளினார். மாதா அசையவில்லை. வோஷிங் மெஷினைப் போட்டேன். கிளாசு ஒன்றும் பேசவில்லை. இவர் நிலத்தில் குந்தி இருந்து சிரித்தார், பிறகு கொஞ்சம் அழுதார்.

மச்சாள் ஆறேழு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. "மாதாவைக் குறுக்காலை மறிச்சு நிப்பாட்டிப்போட்டான்" என்று மற்றவர்களிடம் சொன்னாவாம். பிறகு மகனின் பிறந்தநாளுக்கு வந்தா. வந்தும் அந்த மரத்தின் பக்கம் பார்க்கமாட்டா.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் எங்கள் நல்ல வருஷங்கள். ஒக்டோபரில் மாதா இன்னும் இரண்டு முறை வந்தா. சனம் அந்த மரங்களுக்குள்ளால் பார்த்துக் கும்பிட்டது. பிள்ளைகள் அதில் ஏறி இருந்து செபமாலை சொன்னார்கள். வந்தவர்கள் மண்டையை இடித்துக்கொள்வார்கள். நான் ஈரத் துவாயைக் காயப்போடுவேன். "இது வீட்டின்ரை விலா எலும்பு, கொடிக்கயிறு இல்லை" என்று இவர் பேசுவார். பிறகு தன் கோட்டையும் அதிலேயே மாட்டுவார். பெருங்காற்று அடித்த ஒரு மாரியில் பக்கத்துத் தெருவில் வேலிகள் விழுந்தன. நாங்கள் உள்ளே இருந்து தோசை சுட்டுச் சாப்பிட்டோம்.

இந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடிகிற நேரம், இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அம்புலன்ஸ் வந்தபோது முடிந்துவிட்டது. நாற்பது வயது ஆகவில்லை. இதற்குமேல் அதை எழுத எனக்கு ஏலாது.

சவப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது குறுக்கு மரத்துக்கு முன்னால்தான் வைக்க இடம் இருந்தது. மச்சாள் பெட்டியைப் பார்த்தா, நிமிர்ந்து மரத்தைப் பார்த்தா. அப்போதே அவ மனதில் விழுந்துவிட்டது. நேர் வாசலுக்குக் குறுக்கே மரம் போட்ட ஆளை அதே மரத்துக்கு முன்னால் கிடத்தியிருக்கிறார்கள் என்று. எனக்கும் அது மனதில் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். மச்சாள் கையில் எங்களுக்கென்று சமைத்த மீன்குழம்புச் சட்டி. அண்ணை, அதாவது மச்சாளின் கணவர், சாமான் பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, நான் இதுக்கு ஆள் இல்லை" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். "எங்கட வீட்டிலை பல்ப் மாத்தவே ஆள் கூப்பிடுறது."

"கதைச்சது காணும். எடுங்கோ ஸ்பனரை" என்றா மச்சாள்.

"மச்சாள், கழட்டினால் வீடு சரியும். வேணுமெண்டால் பழையபடி பலகை அடிச்சு மூடுவம்."

"மூடினால் அதைவிடக் கெட்டது. வாசல் திறந்து கிடக்கோணும். ஏன், எனக்கு உன்னிலை கோவமெண்டோ நினைக்கிறாய்? அவனை விட்டிட்டு நிக்கிறன். உன்ரை பிள்ளையையும் விடச் சொல்லுறியோ?"

"வீடு விழுந்தால் அதுக்குள்ளை இருக்கிறதும் அவன்தானே மச்சாள்."

மச்சாள் அண்ணைக்குக் கீழ் போல்ட்டைக் கையால் காட்டினா. அண்ணை குனிந்து கீழ் போல்ட்டில் ஸ்பனரை வைத்துத் திருகினார். அசையவில்லை. முகம் சிவந்தது. திரும்ப வைத்துத் திருகினார். நான் தடுக்கவில்லை. எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. மச்சாள் பொறுக்கமாட்டாமல் அவரைத் தள்ளிவிட்டு, நிலத்தில் குந்தி மரத்தைப் பிடித்தா. பிடித்த இடத்தில் மரம் கறுத்திருந்தது.

"இதென்ன ஊத்தை?" என்று சீலைத் தலைப்பால் தேய்த்தா. போகவில்லை.

"ஊத்தை இல்லை மச்சாள். ஷிப்டாலை வந்தால் சப்பாத்தும் கழட்டாமல் அதிலை தலையைச் சாய்ச்சுக்கொண்டு நிலத்திலைதான் இருப்பார். தேத்தண்ணி குடிச்சு முடிச்சுத்தான் எழும்புவார். தலை எண்ணெய் ஊறினது."

மச்சாள் கிட்டப் போய் மணந்து பார்த்தா. கண்ணை மூடினா.

"சின்னனிலை நான்தான் இவனுக்கு எண்ணெய் வைக்கிறது" என்றா. "ஓடுவான். பிடிச்சு மடியிலை இருத்தி வைக்கோணும்."

பிறகு மெல்லத் திரும்பி, அந்த இடத்திலேயே முதுகைச் சாய்த்து, காலை நீட்டி இருந்துவிட்டா. நான் தேத்தண்ணி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தா. அண்ணை ஸ்பனரோடு நின்றார்.

"கழட்டுறதோ, விடுறதோ? ஏதாவது ஒண்டைச் சொல்லும்."

"இறுக்கிவிடுங்கோ" என்றா மச்சாள்.

"நான் இன்னும் தளர்த்தவே இல்லையப்பா."

மச்சாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இவர் போன பிறகு அந்த வீட்டில் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துச் சிரித்தே இரண்டு பேரும் அழுதோம்.

போகிறதுக்கு முன் மச்சாள் கைப்பையைத் திறந்து, இந்த வருஷம் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலைச் சிலுவையை எடுத்தா. இரண்டு மரமும் சந்திக்கிற இடத்தில் செருகினா. "இது இருக்கட்டும். எனக்காக" என்றா. நான் ஓம் என்றேன். மகன் பள்ளிக்கூட நண்பன் வீட்டிலிருந்து வந்து, வந்த வேகத்தில் மரத்தில் ஏறினான். மச்சாள் இறங்கடா என்று சொல்லவில்லை. விழாமல் அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றா.

மரம் நிற்கிறது. நிற்க விட்டது நாங்கள் இரண்டு பேரும்தான். எனக்குப் பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மகனுக்குக் காய்ச்சல் வந்தால் இன்னும் அந்தப் பக்கம் கண் போகும். ஆனால் தன் வீட்டில் முழங்காலில் நின்ற சனம் பத்திரமாகப் போகவேண்டும் என்று அத்தனை பேருக்கு முன்னால் வெட்கப்பட்டு நின்ற மனுஷன், தன் பிள்ளைக்குக் கெட்டது வருகிற ஒன்றை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கமாட்டார். அதை நம்பித்தான் விட்டிருக்கிறேன்.

இதை வாசிக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். எங்களோடு செபமாலை சொன்னவர்கள் மாலையின் ஒரு மணியை உருட்டி இவருக்காகச் சொல்லுங்கள். ஆர்ச்வே முருகனிடம் போகிறவர்கள் அங்கே ஒரு கணம் இவரை நினைத்துக் கும்பிடுங்கள். கோயிலுக்கே போகாதவர்களும் தங்களுக்குத் தெரிந்த மாதிரி வேண்டிக்கொள்ளுங்கள். என்னுடைய இவர் ஆண்டவரிடத்தில் நிம்மதியாக இருக்கவேண்டும் என்று எல்லோரும் மன்றாடுங்கள்.